இதுக்கு முன்னாடி கை வச்சது யாரு?

என் கணவர் யாரையும் நலம் விசாரித்து நான் பார்த்ததில்லை. ஷெட்டுக்குள் ஒரு கார் நுழைந்தால், ஓட்டி வந்தவரிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி இதுல கை வச்சது யாரு?" வண்டிக்கு என்ன கோளாறு என்பதெல்லாம் அப்புறம். குற்றவாளி யார் என்று தெரியாமல் குற்றத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

அதனால்தான் அவருக்கு ஜட்ஜ் என்று பெயர் விழுந்தது. மற்ற மெக்கானிக்குகள் கேலியாக வைத்த பெயர். அவர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார். பானெட்டைத் திறந்து, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். பிறகு தீர்ப்பு. தீர்ப்பில் தவறாமல் வேறொரு மெக்கானிக் இருப்பார். வீட்டிலும் இதே நடைமுறைதான். மிக்ஸி ஓடவில்லை என்றால், "கடைசியா இதைத் தொட்டது யாரு?" வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். அவர் மிக்ஸியைத் தொடமாட்டார். விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும்.

சாட்சிப் பொருள்களுக்கென்று ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தார். வளைந்துபோன வாஷர், நூல் சுற்றி இறுக்கிய போல்ட், சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டிய குழாய் என்று அடுத்தவர்கள் செய்த பாவங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு தொங்கும்: தேதி, வண்டி, செய்தவன். முத்து முத்தான கையெழுத்து. நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இவ்வளவு சுத்தமாக லேப் ரெக்கார்ட் எழுதிய ஒரு பிள்ளையை இதுவரை சந்தித்ததில்லை.

அவருக்கு இன்னொரு பலவீனம் உண்டு. துருவைப் பார்த்தால் தாங்காது. எந்த வேலைக்காக வண்டியைப் பிரித்தாலும், வழியில் துரு பிடித்த இடம் கண்ணில் பட்டால் தேய்த்து, கறுப்பு பெயின்டை ஸ்ப்ரே செய்து, காய்ந்த பிறகுதான் மூடுவார். யாரும் கேட்கமாட்டார்கள். யாருக்கும் தெரியவும் தெரியாது, பானெட்டுக்கு அடியில் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? "எனக்குத் தெரியுமில்ல, டீச்சர்" என்பார். கோபமோ கொஞ்சலோ, என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். எங்கள் கல்யாண ஆல்பத்தைவிட அந்தக் கறுப்பு பெயின்டை அவர் அதிகம் பார்த்து ரசித்திருப்பார்.

ஷெட் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. பாதி தம்பியுடையது. ஒரு பக்கம் எஞ்சின், அது அண்ணன். இன்னொரு பக்கம் ஏ.சி., வயரிங், அது தம்பி. நடுவில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. என் கொழுந்தனுக்கு ஐஸ்பெட்டி என்று பெயர். பெயரில் மட்டும்தான் குளிர்ச்சி. அண்ணன் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வார். ஆனாலும் பதினெட்டு வருடம் அந்தக் கோட்டுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அண்ணனுடைய ஸ்பானர் தம்பி பக்கம் கிடக்கும், தம்பியுடைய டீ அண்ணன் பக்கம் ஆறிக்கொண்டிருக்கும். ஒரே கேரியரில் சாப்பாடு போகும், சண்டை போட்டுக்கொண்டே இரண்டு பேரும் காலி செய்வார்கள்.

கோட்டுக்கு வேலை வந்தது ஒரு பல் டாக்டரால்.

டாக்டரம்மாவின் வெள்ளைக் கார் எங்கள் ஷெட்டுக்குப் பழக்கமான வண்டி. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் கிளட்ச் மாற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ஒரு புதுப் புகார் கொண்டுவந்தார்.

"சிக்னல்ல நிக்கிறப்ப ஏ.சி. போட்டா வண்டி ஆடுதுங்க. ஏ.சி.யை நிறுத்தினா ஆட்டம் நின்னுடுது. கிளம்பிப் போனாலும் நின்னுடுது. விழப்போற பல்லு மாதிரி ஒரு ஆட்டம். அப்புறம், மழை பெஞ்சா ஆடறதில்ல."

கடைசி வாக்கியத்துக்கு அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அன்று கேரியர் கொண்டுபோயிருந்த நானும் சிரித்தேன். பல் டாக்டருக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?

இப்படி ஒரு கோளாறு இந்த ஷெட்டுக்கென்றே செய்யப்பட்டது போலிருந்தது. ஏ.சி.யின் கம்ப்ரஸர் தானாக ஓடுவதில்லை. அது எஞ்சினின் முதுகில் ஏறிக்கொண்டு ஓடுகிறது. நிற்கும் வண்டியில் எஞ்சின் பாதித் தூக்கத்தில் இருக்கும்போது அந்தப் பாரம் ஏறினால், லேசாக முனகிவிட்டுச் சுதாரித்துக்கொள்ள வேண்டும். சுதாரிக்காமல் நடுங்கினால், ஒன்று சுமக்கிறவனுக்குச் சத்தில்லை, அல்லது ஏறியவன் அளவுக்கு மீறிய குண்டு. அண்ணன் சொன்னார், ஏறியவன்தான் குண்டு. தம்பி சொன்னார், சுமக்கிறவனுக்குத்தான் சத்தில்லை. கோளாறு சரியாக வெள்ளைக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

ஆறு வாரம் நடந்தது. அண்ணன் பிளக் மாற்றினார். எஞ்சினுக்குள் காற்று போகிற வழியைக் கழற்றிக் கழுவினார். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங்குகளைப் புதிதாகப் போட்டார். தம்பி மீட்டரை மாட்டி, அழுத்தம் ஏகத்துக்கு இருக்கிறதென்று கொஞ்சம் கேஸை வெளியே விட்டார். வண்டி ஆடவில்லை, ஆனால் குளிரவும் இல்லை. மறுபடி ஏற்றினார். குளிர்ந்தது, ஆடியது. ஃபேன் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தார். ஓடியது. பிறகென்ன, எஞ்சின்தான்.

என் கணவரிடம் ஒரு பரிசோதனை உண்டு. எஞ்சின் மூடியின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைப்பார். தண்ணீர் அசையாமல் இருந்தால் எஞ்சின் நிரபராதி. ஏ.சி.யை நிறுத்திவிட்டுத் தம்ளரை வைத்து, "பாருடா" என்பார். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். கொழுந்தன் கை நீட்டி ஏ.சி.யைப் போடுவார். தண்ணீர் தளும்பும்.

"பாத்தியா? உன் கம்ப்ரஸர் வந்தா ஆடுது."

"உன் எஞ்சின்தானேண்ணே ஆடுது? என் கம்ப்ரஸரா ஆடுது?"

"எம்மேல நாலு மூட்டையை ஏத்திட்டு, ஏன்டா நடுங்குறேன்னு கேப்பியா?"

"நாலு மூட்டையைத் தூக்க முடியாதவன் சுமை தூக்குற வேலைக்கு ஏன் வர்றான்?"

இப்படி இரண்டு பெரிய மனிதர்கள், ஒரு தம்ளருக்கு இரண்டு பக்கமும் நின்று. நான் இயற்பியலில் முதுகலை படித்தவள். சுமையையும் விசையையும் பற்றி வருடத்துக்கு நூறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்த ஆறு வாரத்தில் என்னுடைய பங்களிப்பு, சாப்பாடு ஆறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஐந்தாவது வாரம் பேச்சு நின்றது. கேரியர் இரண்டானது. ஆறாவது வாரம் கொழுந்தன் எட்டுத் தகரத் தகடுகள் வாங்கிவந்து சுவரில் சாய்த்துவைத்தார். கோட்டின் மேல் தடுப்பு எழுப்பப் போகிறாராம். தடுப்பு வந்தால் ஒருவருக்கு ரோட்டைப் பார்த்த முன்பக்கம், இன்னொருவருக்குச் சாக்கடையைப் பார்த்த பின்பக்கம். யாருக்கு எது?

"தப்பு யார் பக்கம்னு தெரியட்டும். தப்பு பண்ணவன் பின்னாடி போகட்டும்." இதைச் சொன்னது ஜட்ஜ். தண்டனையை முதலில் எழுதிவைத்துவிட்டுக் குற்றவாளியைத் தேடுவதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

நாள் குறித்தார்கள். சனிக்கிழமை. டாக்டரம்மாவும் வருவதாகச் சொல்லியிருந்தார், இனிமேல் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோவதா என்று முடிவு செய்ய. எனக்குப் பள்ளி விடுமுறை. இரண்டு கேரியர்களையும் எடுத்துக்கொண்டு போனேன். வண்டிக்கு என்ன ஆனால் எனக்கென்ன? அந்தத் தகடுகள் எழும்பினால், என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நடுவிலும் ஒரு தகடு எழும்பும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் திட்டாமல் சாப்பிட்டால் செரிக்காத குடும்பம் இது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏ.சி. போட்டிருந்தது. தம்ளர் மேலே. தண்ணீர் விளிம்பு தாண்டித் தெறித்தது. டாக்டரம்மா கைப்பையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"எங்ககிட்ட கீழ்ப் பல்லு வலிக்குதுன்னு வருவாங்க. பாத்தா மேல் பல்லு கெட்டிருக்கும். அந்த மாதிரி ஏதாவது..." என்று ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, நீங்க கொஞ்சம் இருங்க." இது மட்டும் இருவரும் ஒரே குரலில்.

பிறகு மறுபடி தொடங்கியது. எஞ்சினிலிருந்து தொழிலுக்கு, தொழிலிலிருந்து குணத்துக்கு, குணத்திலிருந்து பத்தாம் வகுப்பில் யாருடைய சைக்கிளை யார் உடைத்தார்கள் என்பதற்குப் போனார்கள். சைக்கிளில் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

"உனக்குத் தொழில் கத்துக்குடுத்தது நான்டா!"

"அதான்ணே தப்பாப் போச்சு!"

என் கணவர் தம்பியின் சட்டையைப் பிடித்துவிட்டார். பஞ்சரான டியூபை முக்கிப் பார்க்க ஒரு வாளி நிறையத் தண்ணீர் எப்போதும் இருக்கும். தெருவில் நாய்கள் சண்டை போட்டால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். வாளியைத் தூக்கி வீசினேன்.

குறி பார்த்து எறிகிற ஆளில்லை நான். கால்வாசி அண்ணன் மேல், கால்வாசி தம்பி மேல். மீதியெல்லாம் வண்டியின் மூக்கில் போய் விழுந்தது, முன்பக்கச் சல்லடைக்குள், புஸ்ஸென்று.

சட்டை கையிலிருந்து நழுவியது. ஷெட் அமைதியானது. அமைதி கொஞ்சம் அளவுக்கு மீறி இருந்தது. தம்ளரைப் பார்த்தோம். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது.

"நான்தான் சொன்னேனே, மழை பெஞ்சா ஆடறதில்லன்னு" என்றார் டாக்டரம்மா.

அரை நிமிடம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல மெல்லத் தளும்பத் தொடங்கியது.

கொழுந்தன்தான் முதலில் அசைந்தார். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் குனிந்து முன்பக்கம் பார்த்தார். ஏ.சி.யின் சூட்டை வெளியே தள்ளுகிற சல்லடை அது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதை ஆற்றும். வண்டி நின்றால் ஃபேன்தான் ஆற்ற வேண்டும். ஆறாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் கனக்கும், எஞ்சின் நடுங்கும்.

"அண்ணே. ஃபேன் ஓடுது. ஆனா சோம்பேறியா ஓடுது."

ஆறு வாரமாக அது ஓடுகிறதா என்று மட்டும்தான் அவர் பார்த்திருக்கிறார். எப்படி ஓடுகிறது என்று பார்க்கவில்லை. அவர் அதை ஒப்புக்கொள்ள நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு ஒரு வயரை எடுத்துவந்தார். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, மறுமுனையை ஃபேனிலிருந்து கரன்ட் திரும்பிப் போகிற எர்த் வயரில் தொட்டார். ஃபேன் ஊளையிட்டுக்கொண்டு சுற்றியது. தம்ளரில் தண்ணீர் அடங்கியது. வயரை எடுத்தார், தளும்பியது. வைத்தார், அடங்கியது.

"எர்த் சரியாப் பிடிக்கல. எங்க முறுக்கியிருக்குன்னு பாக்கறேன், இரு" என்று பம்பருக்குக் கீழே தலையை விட்டார்.

எங்கே முறுக்கியிருக்கிறது என்று என் கணவருக்குத் தெரியும். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில், அதைத் தாங்கும் தட்டின் ஓரத்தில், ஒரு போல்ட். போல்ட்டுக்கு அடியில், வயருக்கு அடியில், சுற்றிலும், பளபளவென்று கறுப்பு பெயின்ட்.

கரன்ட் வெறும் இரும்பைத் தேடும். பெயின்ட் மேல் வைத்து முறுக்கினால், மரையில் எங்கோ ஒட்டிக்கொண்டு கொஞ்சூண்டு போகும். இதை நான் எட்டாம் வகுப்பிலேயே நடத்துகிறேன்.

தம்பியின் தலை பம்பருக்குக் கீழே. டாக்டரம்மா ஈரமான செருப்பை உதறிக்கொண்டிருந்தார். ஜட்ஜின் சட்டைப் பையில் கத்தி இருந்தது. நான்கு சுரண்டு சுரண்டி, திரும்ப முறுக்கி, "லூஸா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. எஞ்சின் நிரபராதி, ஃபேன் ஏ.சி.யின் சொத்து, தம்பிக்குப் பின்பக்கம். கத்தியை எடுத்தார். திறந்தார். என்னைப் பார்த்தார். நான் தம்ளரைப் பார்த்தேன். அவருடைய நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல எனக்கு என்ன உரிமை?

கத்தியை மூடினார். தொண்டையைச் செருமினார்.

"டாக்டரம்மா. இதுக்கு முன்னாடி இதுல கை வச்சது யாரு?"

"நீங்கதான். கிளட்ச் மாத்தினீங்களே."

"நான்தான்" என்றார், கோர்ட்டில் பெயர் கூப்பிட்டால் சொல்வதுபோல. "கிளட்ச்சுக்காக பேட்டரித் தட்டைக் கழட்டினேன். துருவா இருந்துச்சு. பெயின்ட் அடிச்சேன். அது மேலயே எர்த்தை முறுக்கிட்டேன்."

பம்பருக்குக் கீழிருந்து குரல் வந்தது: "காதுல தண்ணி போயிடுச்சுண்ணே. கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

"நான்தான் பண்ணேன்டா!"

"அண்ணி, உங்களுக்குக் கேட்டுச்சா?"

"தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு தம்பி."

கொழுந்தன் வெளியே வந்தார். பெயின்டைப் பார்த்தார். விரலால் தடவினார். "நல்லா அடிச்சிருக்கே. ஒரு சொட்டு வழியல" என்றார். அதைவிடக் குரூரமான வார்த்தையை நான் கேட்டதில்லை. பிறகு போல்ட்டைக் கழற்றி, வாஷரோடு அண்ணன் கையில் வைத்தார். "டப்பாவுல போடு. சீட்டும் நீயே எழுது. உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும்."

இங்கே கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். என் கணவர் சீட்டு எழுதினார். இரும்பைச் சுரண்டி, புது போல்ட் போட்டு, டாக்டரம்மாவை அனுப்பினார். பிறகு தன் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

தீர்ப்பு என்றால் தீர்ப்பாம். கொழுந்தன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். பதினொரு நாள், சாக்கடை ஓரத்தில், ஒரே பல்பு வெளிச்சத்தில், கொசுவை அடித்துக்கொண்டு எஞ்சின் பிரித்தார் ஜட்ஜ். வருகிற வண்டியெல்லாம் தம்பியின் பக்கத்தைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும் என்பதால் தண்டனை முக்கால்வாசி தம்பிக்குத்தான். "உங்க ஆளு ஜெயில்ல இருக்காரா அண்ணி, இல்ல என்னை ஜெயில்ல வச்சிருக்காரா?" என்று கேட்டார்.

பன்னிரண்டாவது நாள் காலை நான் போனபோது, ஷெட் வாசலில் ஒரு புதுப் பந்தல். வாடிக்கையாளர்கள் வெயில் படாமல் உட்காருவதற்காம். மேலே எட்டுத் தகரத் தகடுகள்.

"தடுப்புக் கட்டத் தகரம் இல்லண்ணே. முன்னாடி வா."

"கேட்டியா டீச்சர், நல்ல தகரத்தை எப்படி வீணடிச்சிருக்கான்னு" என்றார் என் கணவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு ஒரே கேரியர்.

அதற்குப் பிறகு ஒரு வேலை செய்தார், யாரிடமும் சொல்லாமல். பெயின்ட் அடித்த வண்டிகளையெல்லாம் நினைவிலிருந்து பட்டியல் போட்டார். நாற்பத்துமூன்று. ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "ஒண்ணுமில்ல, சும்மா கொண்டு வாங்க" என்று கூப்பிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தார். ஒவ்வொரு எர்த்தையும் கழற்றிச் சுரண்டி முறுக்கினார். போன் நம்பர் மாற்றிவிட்ட ஆறு பேரை மட்டும் அவரால் பிடிக்க முடியவில்லை. அந்த ஆறு பேரைப் பற்றி ஏதோ தலைமறைவுக் குற்றவாளிகளைப் போலத்தான் கடைசிவரை பேசினார்.

அவர் போய் நான்கு மாதம் ஆகிறது. ஒரு வியாழக்கிழமை காலை ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் கையை விரித்தார்கள். இதயம் என்றார்கள். அதற்கு முன்னால் அதில் யாரும் கை வைத்ததில்லை என்பதால் அவருடைய கேள்வியைக் கேட்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பிஸ்கட் டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது. அறுபத்திரண்டு சீட்டுகள். அறுபத்தொன்றில் மெக்கானிக்குகளின் பெயர்கள். ஒன்றில் மட்டும், அதே முத்தான கையெழுத்தில், "செய்தவன்: நான்." அடியில் தம்பியின் கோணல் எழுத்து: "பார்க்காதவன்: நானும்." அதைக் கொழுந்தன் எப்போது எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் ஷெட்டுக்குப் போயிருந்தேன். கொழுந்தனுக்குத்தான் சாப்பாடு. பழக்கம் போகவில்லை, அளவும் இரண்டு பேருக்குத்தான் வருகிறது. ஒரு சாம்பல் நிறக் கார் நின்றுகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர், நின்றால் ஏ.சி. போடும்போது ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு பேரில் ஒருவர்.

கொழுந்தன் பானெட்டைத் திறந்தார். பேட்டரிப் பக்கம் பார்த்தார். தட்டில் கறுப்பு பெயின்ட்.

"இதுக்கு முன்னாடி இதுல கை வச்சது யாரு?"

"உங்க அண்ணன்தான். ஏன், ஏதும் தப்பா?"

"எர்த்து கொஞ்சம். அஞ்சு நிமிஷம் உக்காருங்க."

போல்ட்டைக் கழற்றினார். கத்தியை எடுத்தார். வயர் உட்காருகிற இடத்தை மட்டும், விரல்நுனி அகலத்துக்கு, இரும்பு தெரியும்வரை சுரண்டினார். கத்தி வெளியே வழுக்கிவிடாமல் கட்டைவிரலை அணையாக வைத்துப் பிடித்திருந்தார். மற்ற பெயின்டில் ஒரு கீறல் விழவில்லை. ஒரு துணியை எடுத்து அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தார். பளபளவென்று இருந்தது.